அரசுப் பள்ளியில் லினக்ஸ்: வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகளை என்ன செய்வது?

கொங்கு வாத்தியார்: பள்ளி லேப் முழுக்க விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் மறுநாளே பாடம் நடத்தலாம் என்று பெங்குயின் எழுதியிருக்கிறார். வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாளை, வேர்டுக்கு மாற்றான லிப்ரெ ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதற்குப் பதில் எங்கே?

பெங்குயின்: அது லினக்ஸின் குறையே இல்லை. வானவில், கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கான எண்களில் தமிழை உட்காரவைக்கும் பழைய முறை. எழுத்துரு இல்லாவிட்டால் விண்டோஸிலும் அதே குப்பைதான். எழுத்துருக் கோப்பை ஹோம் அடைவில் .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் உள்ளே போடுங்கள். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் (fc-cache) கட்டளையை அடித்து, லிப்ரெ ஆபீஸை மூடித் திறங்கள். தமிழ் தெரியும்.

கொங்கு வாத்தியார்: தெரிந்தால் போதுமா? திருத்துவது எப்படி?

பெங்குயின்: திருத்தாதீர்கள், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. லினக்ஸில் தமிழ் உள்ளிடும் மென்பொருளான ஐபஸ்-எம்17என் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் தட்டச்சு முடிந்தது. இன்னும் வானவிலைக் கட்டி அழுவது யார் குற்றம்?

சிஎஸ் டீச்சர்: மாற்றுவது அவ்வளவு லேசில்லை சார். முழுக் கோப்பையும் யூனிகோடு மாற்றி மென்பொருளில் கொட்டினால் இடையில் உள்ள ஆங்கிலமும் தமிழ்க் குப்பையாகிவிடும், இரண்டுக்கும் ஒரே எண்கள். சி++ வினாத்தாளில் நிரல் வரிகள் அத்தனையும் போச்சு. ஒற்றைக்கொம்பு வேறு: வானவிலில் மெய்க்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால் சேமிக்க வேண்டும். அரைகுறை மாற்றிகள் அங்கேதான் சறுக்கும்.

பெங்குயின்: அதனால்தான் எழுத்துரு பார்த்துப் பிரிக்க வேண்டும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஃபார்மட் போய் வானவிலைத் தேர்ந்து, ஃபைண்ட் ஆல் கொடுத்தால் தமிழ்ப் பகுதி மட்டும் தேர்வாகும்; அதை மட்டும் மாற்றியில் கொடுங்கள். கேரளப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. நமக்கு மட்டும் என்ன கேடு?

கொங்கு வாத்தியார்: கேரளாவை இழுக்காதீர்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. பிள்ளைகள் எதைத் திறந்தார்கள்?

பெங்குயின்: சொல்லிக்கொடுக்காததை யார் திறப்பார்கள்? பதினோராம் வகுப்புப் பாடநூலில், வேர்டு போன்ற இலவச மென்பொருளான ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் இருக்கிறது. அதையே எம்.எஸ். வேர்டில் நடத்தும் ஆசிரியர்களைக் கேளுங்கள்.

சிஎஸ் டீச்சர்: ஆசிரியர்களைத் திட்டாதீர்கள். பயிற்சி கொடுத்தார்களா?

கொங்கு வாத்தியார்: பயிற்சியை விடுங்கள். பீரோ நிறைய இருக்கும் வானவில் வினாத்தாளை எல்லாம் பத்தி பத்தியாக மாற்ற ஆள் யார்? அதைச் சொல்லிவிட்டு லினக்ஸ் போடுங்கள்.

பெங்குயின்: மறுபடி வானவிலா? எஃப்சி-கேஷ் அடித்துப் பார்த்தீர்களா, இல்லையா?