கலைச்சொல்: ‘நெளியாடி’ (deformable mirror: காற்றின் கலங்கலால் கெடும் விண்மீன் ஒளியைத் திருத்த, தொலைநோக்கிக் கருவியில் நொடிக்கு நொடி வளைந்து வடிவம் மாறும் ஆடி)

> ‘உருமாறும் கண்ணாடி’ என்றே வைக்கலாமே. நெளியாடி என்றால் நெளிசல் விழுந்த எவர்சில்வர் தட்டு ஞாபகம் வருகிறது.

வணக்கம் ஐயா. நெளிசல் பழுது, நெளி பழுதல்ல. நம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் நெளி மோதிரம் கேட்டால், அலையலையாக வளைத்துச் செய்ததைத்தான் எடுத்துத் தருவார்கள். குழியாடி, குவியாடி படித்தவர்களுக்கு நெளியாடி காதுக்கும் அந்நியமில்லை.

முக்கியக் காரணம் வேறு. எடுத்துக்காட்டாக, பிராக்சிமா விண்மீனைச் சுற்றும் பிராக்சிமா பி கோளை அது எதிரொளிக்கும் ஒளியில் பார்க்க வேண்டும். விண்மீன் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான் கோளிடமிருந்து வரும். வானில் இரண்டுக்கும் கோண இடைவெளி அதிகபட்சம் 37 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆர்க்செகண்ட்). 8.2 மீட்டர் தொலைநோக்கியில், ஆக்சிஜன் பட்டை உள்ள 760 நானோமீட்டரில், விளிம்பு விளைவால் விண்மீனின் பிம்பமே சுமார் 19 மில்லி ஆர்க்செகண்ட் அகலம். ஆக, கோள் விண்மீனிலிருந்து இரண்டு பிம்ப அகலத்தில் நிற்கிறது. சிலியில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியின் ஸ்பியர் கருவியில் உள்ளதுபோல, ஆடியைப் பின்னாலிருந்து வளைக்கும் முனைகள் 41-க்கு 41 இருந்தால் 20 பிம்ப அகலம் வரை திருத்தலாம். எனவே இங்கே தடை முனைகளின் எண்ணிக்கையல்ல, தாமதம். உணரி அலைமுகப்பை (வந்துசேரும் ஒளியலையின் முன்பரப்பை) அளந்து, கணினி கணக்கிட்டு, ஆடி வளைவதற்குள் ஓரிரு மில்லிசெகண்ட் போய்விடும். காற்று அதற்குள் கலங்கலை நகர்த்திவிடும். அந்தப் பிந்தலில் சிந்தும் ஒளி விண்மீனை ஒட்டியே, கோள் இருக்கும் இடத்திலேயே விழுகிறது.

பெயர் சொல்ல வேண்டியது உருவத்தையல்ல, ஓயாத அசைவை. நெளியாடி வினைத்தொகை: நெளிந்த, நெளிகிற, நெளியும் ஆடி. நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வடிவம் மாறும் பொருளுக்கு முக்காலமும் அடங்கிய பெயர் பொருந்தும்.

ஆடியின் பரப்பு எவ்வளவு நகர முடியும் என்ற அளவுக்கு ‘நெளிவீச்சு’ என்ற கிளைச்சொல்லும் கிடைக்கிறது. 4 மைக்ரான் அலைமுகப்புப் பிழைக்கு ஆடி 2 மைக்ரான் நகர்ந்தால் போதும். ஒளி போய்த் திரும்புவதால் பாதை இரட்டிப்பாகும். வீச்சு போதாவிட்டால் முனைகள் எல்லையில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் வீச்சு பெரிய, மெதுவான நெளியாடி ஒன்றையும், வேகமான நுண் நெளியாடி ஒன்றையும் சேர்த்து வைப்பதுண்டு.

முனைக்குத் ‘தள்ளுமுனை’ என்று முன்மொழிகிறேன்.

— ஏற்காடு

> முனைக்குத் ‘தள்ளுமுனை’

நெளியாடிக்கு முழு ஒப்புதல். தள்ளுமுனை மட்டும் வேண்டாம் தம்பி. பீசோ முனை (மின்னழுத்தம் கொடுத்தால் நீளம் மாறும் பொருளால் ஆனது) தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். சிலிக்கான் நுண்ணாடியில் நிலைமின் விசை இழுக்க மட்டுமே செய்யும். முதலில் பாதி வீச்சுக்கு இழுத்து வைத்து, அங்கிருந்து ஏற்றி இறக்குவார்கள். ‘அசைமுனை’ இரண்டுக்கும் பொருந்தும். ‘செத்த அசைமுனை’ என்று பழுதையும் சொல்லலாம்: அந்த இடம் திருந்தாமல் ஒளியைச் சிதறடிப்பதால், பின்னால் வரும் தடுப்புத் தகட்டில் அதற்கு நேரே ஒரு மறைப்பு வைத்துவிடுவார்கள்.

— அஸ்தம்பட்டி, சேலம்