கொல்லிமலைச் சுற்றுத்தடம்: பதினான்கு பேரோடு ஒரு நாள் நடை, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

திருச்செங்கோட்டு நடையன்

அரையாண்டு விடுமுறையில் எங்கள் தெருவின் நான்கு குடும்பங்கள், மொத்தம் பதினான்கு பேர், கொல்லிமலையில் ஒரு நாள் நடந்துவர முடிவு செய்திருக்கிறோம். எல்லோரிலும் இளையவனுக்கு ஒன்பது வயது, மூத்தவரான என் சின்னம்மாவுக்கு 64. செம்மேட்டுக்கு அருகே தொடங்கி அங்கேயே வந்து முடியும் தடம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஏற்றம் 450 மீட்டர் அளவு இருக்கும். கிழக்குப் பாதி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களின் ஓரமாகச் செல்லும் ஜீப் தடம். மேற்குப் பாதி சோலைக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதை. அதில் அரைக் கிலோமீட்டர் செங்குத்தான பாறைச் சரிவு. காலையில் அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, 9.30 மணிக்கு ஜீப் தடத்தில் நிதானமாக ஏறி, உச்சியில் கட்டுச்சோறு உண்டு, சோலை வழியே இறங்கலாம் என்பது என் எண்ணம். குறை இருந்தால் சொல்லுங்கள்.

சென்னிமலைப் பெரியவர்

தம்பி, குறை தடத்தில் இல்லை. சுற்றி வருவது என்ற முடிவிலேயே இருக்கிறது. போன வழியே திரும்பும் நடையில், எந்த இடத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் ஏற்கெனவே கண்ட பாதையில்தான் திரும்புகிறோம்; எங்கே வழுக்கும், எங்கே நிழல் என்பது கால்களுக்குத் தெரியும். சுற்றுத்தடத்தில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதுதான் தொலைவு. ஆகவே முடியாதவரையும் இழுத்துக்கொண்டு, பார்த்திராத பாதையில் முன்னேற வேண்டியதாகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுப் பக்கம் இப்படி ஒரு சுற்றில் என் மைத்துனருக்கு இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. கடைசி ஒரு மணி நேரம் இருட்டில், ஒரே ஒரு கைவிளக்கோடு நடந்தோம். அன்று அவர் கையைப் பிடித்திருந்த என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. ஜீப் தடத்திலேயே போய் அதிலேயே திரும்புங்கள்.

திருச்செங்கோட்டு நடையன்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆயினும் ஜீப் தடத்தில் மட்டும் போய் வந்தால் பிள்ளைகள் சோலையையே பார்க்கமாட்டார்கள். வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்தவன் சோலைக்குள் காலெடுத்து வைக்கும்போது உடம்பில் படும் குளிர்ச்சியையும், பாசி படிந்த மரங்களின் மணத்தையும் எந்தப் பாடப்புத்தகத்தாலும் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் இந்தப் பயணமே.

பரமத்தி ஆசிரியை

இருவரும் சுற்றா, நேர்வழியா என்று வாதிடுகிறீர்கள். நான் திசையையும் நேரத்தையும் பற்றிச் சொல்கிறேன், அண்ணா. முழங்கால் அதிகம் வருந்துவது இறக்கத்தில்தான். களைத்த கால் ஈரப் பாறையில் எளிதில் வழுக்கும். உங்கள் திட்டப்படி பாறைச் சரிவில் இறங்கும்போது சின்னம்மா உச்சிவரை ஏறிக் களைத்திருப்பார், பிள்ளைகள் சோறு உண்ட மயக்கத்தில் இருப்பார்கள். தடத்தைத் திருப்பிப் போடுங்கள். காலைத் தெம்போடு சோலை வழியாகப் பாறையில் ஏறி, ஜீப் தடத்தில் இறங்குங்கள். பாறையடியில் யாராவது தயங்கினால் திரும்பும் தொலைவு குறைவு. பாறையைக் கடந்துவிட்டால் மிச்சமெல்லாம் வண்டி வரக்கூடிய பாதை. பெரியவர் அஞ்சும் "திரும்ப முடியாத இடம்" அதன் பிறகு பெரும்பாலும் இல்லாமல் போகிறது.

இனி நேரக் கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம், 450 மீட்டருக்கு 45 நிமிடம், ஆக 3 மணி 9 நிமிடம். இது நடந்து பழகியவருக்கு உரிய கணக்கு. பதினான்கு பேர் கொண்ட கலவைக் கூட்டத்துக்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். சாப்பாடு, ஓய்வு சேர்த்தால் ஆறு மணி நேரம். 9.30க்குத் தொடங்கினால் 3.30க்கு முடியும். பெரியவருக்கு நேர்ந்ததுபோல் நான்கு மணி நேரம் வேண்டாம், இரண்டு மணி நேரம் தாமதித்தாலே 5.30 ஆகிவிடும். மார்கழியில் ஆறு மணியளவில் பொழுது சாயும். மர நிழலில் அதற்கு முன்பே இருட்டிவிடும். எட்டு மணிக்கு முதல் அடி வைக்க வேண்டும்.

காரவள்ளி அடிவாரத்தான்

ஆசிரியையின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். எட்டு மணிக்குத் தொடங்க வேண்டுமென்றால் கோயிலைக் காலையில் வைக்காதீர்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். பிள்ளைகள் அருவியைக் கேட்டு அடம்பிடித்து இறங்கி ஏறிவிட்டால், அன்றைய நடைக்கான தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் மேலே போனதும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அதிகாலையிலேயே புறப்படுங்கள்.

மிக முக்கியமானது அனுமதி. சோலைப் பாதை காப்புக்காட்டுக்குள் செல்வதானால், வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறாமல் நுழையக்கூடாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற ஈரத்தில் அட்டை இருக்கும். சுண்ணாம்பும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து எறியாதீர்கள்.

சென்னிமலைப் பெரியவர்

திசையைத் திருப்பியது நல்ல யோசனை, அம்மணி. ஆனாலும் என் கவலை முழுவதும் தீரவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மார்கழியில் புல் காயவில்லை, தீ அச்சம் குறைவு என்று நீங்கள் சொல்வீர்கள், அது சரிதான். ஆனால் அந்த நிகழ்ச்சியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், ஆபத்து வந்தபின் பெரிய கூட்டத்தை ஒரே வழியில் வெளியே கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதுதான். பதினான்கு பேர் ஒற்றையடிப் பாதையில் நீண்ட வரிசையாகிவிடுவார்கள். முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

பரமத்தி ஆசிரியை

அது நியாயமான கவலை. ஆகவே வழிகாட்டி முன்னால் போகட்டும், நன்கு நடக்கக்கூடிய ஒருவர் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு பிரிவிலும் நின்று தலை எண்ணிய பிறகே நகருங்கள். அதைவிடக் கறாராக ஒன்று வையுங்கள்: 11 மணிக்குள் கடைசி ஆள் பாறைக்கு மேல் வந்து சேராவிட்டால், எல்லோரும் வந்த வழியே திரும்புவது. இதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். மலையில் நின்று பேசினால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார்.

திருச்செங்கோட்டு நடையன்

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய திட்டம் இது. அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு, எட்டு மணிக்குச் சோலைப் பக்கமிருந்து நடை தொடங்கும். கோயில் மாலைக்குப் போய்விட்டது. வளைவுகளில் இருட்டில் இறங்க நேருமென்று தோன்றினால் கோயிலை விட்டுவிடுவோம். ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, கடலை மிட்டாய், நான்கு கைவிளக்குகள். மலை மடிப்புகளில் கைபேசி எடுக்காது என்பதால், பெயர்ப் பட்டியலையும் திரும்பும் நேரத்தையும் செம்மேட்டில் வண்டி ஓட்டுநரிடம் எழுதிக் கொடுப்பேன். அனுமதி கிடைக்காவிட்டால் பெரியவர் சொன்னபடி ஜீப் தடத்தில் மட்டும் போய் வருவோம்.

சென்னிமலைப் பெரியவர்

சின்னம்மாவை மட்டும் ஜீப் தடத்தின் வழியாக வண்டியில் உச்சிக்கு வரச் சொல்லுங்கள், தம்பி. அவர் அங்கே சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருக்கட்டும். இறக்கத்தில் உங்களோடு சேர்ந்து நடந்து வரட்டும். மற்றவற்றுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.