ஆர்கே808: பூட் ஆகி 30 விநாடியில் ஐ2சி பஸ் செத்துவிடுகிறது – டிவைஸ் ட்ரீ உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆர்கே3399 பிராசஸர் உள்ள போர்டு, பவர் சிப் ஆர்கே808, மெயின்லைன் லினக்ஸ் கெர்னல். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில்தான் சந்தேகம்.

பூட் ஒழுங்காக ஆகிறது. சுமார் 30 விநாடி கழித்து ஐ2சி1-இல் (சிப்கள் பேசிக்கொள்ளும் இரண்டு லைன் பஸ்) எல்லாமே டைம்அவுட். ஸ்கோப் வைத்துப் பார்த்தால் இரண்டு லைனும் 0 வோல்ட்டில் கிடக்கின்றன. லைன்களை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களுக்குப் போகும் 1.8 வோல்ட் எல்டிஓ (ஆர்கே808-இல் உள்ள ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர்) அணைந்திருக்கிறது. யாரும் பயன்படுத்தாத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அந்த நேரத்தில்தான் அணைக்கும், அதனால் காரணம் புரிகிறது.

சிக்கல் இதுதான். ஐஓ டொமைன் (சிப்பின் பின்கள் எந்த வோல்டேஜில் இயங்கும் என்ற அமைப்பு) நோடில் 'ஆடியோ-சப்ளை'யாக இதே எல்டிஓவைக் காட்டியிருக்கிறோம். ஆனால் அந்த டிரைவர் வோல்டேஜை மட்டும் பார்த்து 1.8-ஆ 3.0-ஆ என்று ரெஜிஸ்டரில் எழுதுகிறது, ரெகுலேட்டரை எனேபிள் செய்வதில்லை. கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்-இன் ரெகுலேட்டர் சம்மரியில் யூஸ் எண்ணிக்கை 0. (அந்த வரியை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். பேடு (சிப்பின் பின் இணைப்பு) 1.8-க்கு செட் ஆகி, வெளியே 3 வோல்ட் வந்தால் சிப்பே போய்விடும்.)

எல்டிஓ நோடில் 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்' போட்டால் பஸ் சாகாமல் இருக்கிறது. கூடவே, ஸ்லீப்பில் மட்டும் அது அணைய, 'ரெகுலேட்டர்-ஸ்டேட்-மெம்' உள்ளே 'ரெகுலேட்டர்-ஆஃப்-இன்-சஸ்பெண்ட்' கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

புல்-அப்புக்கு மட்டும் போகும் ரெயிலை (பவர் லைனை) நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? ஸ்லீப்பிலிருந்து எழும்போது, ஐ2சி டிரைவர் முதல் டிரான்ஸ்ஃபர் அனுப்புவதற்குள் இந்த எல்டிஓ நிலைத்துவிடுகிறதா? அளந்து பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் நோடையும் ஸ்கோப் படத்தையும் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.