கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி மங்கல்: லேசர்தான் வழியா?

ஏற்காடு_மிளகுக்கொடி:
பெரியம்மாவுக்கு வயது 68. வலது கண்ணில் லென்ஸ் வெச்சு 2 வருஷம் ஆச்சு. இப்போ வெயில் அடிக்கிற நாள்லயும் பனி மூடின மாதிரி இருக்குதாம். ராத்திரி மலைப்பாதையில் எதிர்ல வர்ற வண்டி லைட் கோடு கோடா இழுக்குது. புரை திரும்ப வந்துடுச்சா? சொட்டு மருந்தில் சரியாகுமா? சேலத்துக்கு எத்தனை தடவை இறங்கணும்?

அஸ்தம்பட்டி_ஸ்லிட்லேம்ப்:
புரை திரும்ப வராதுங்க, புரை பிடிச்ச லென்ஸையே எடுத்தாச்சு. மங்குறது அது இருந்த பையின் பின்சவ்வு. எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் பையோட ஓரத்தில் சில செல்கள் தங்கிடும். அதுங்க பின்சவ்வு மேல பரவும். சில இடத்தில் நாராகித் தழும்பு விழும், சவ்வு சுருங்கும். லைட் கோடா இழுக்கிறது அந்தச் சுருக்கத்தால்தான். சில இடத்தில் முத்து முத்தா உப்பும், நம்ம ஊர் ஜவ்வரிசி வெந்து ஒட்டின மாதிரியே தெரியும். சொட்டு மருந்து எதுக்கும் கரையாது, லேசரால் அந்தச் சவ்வின் நடுவைத் திறக்கிறதுதான் வழி.

ஆனா நேரா லேசருக்குப் போயிடாதீங்க. முதல்ல கண்ணாடி பவரும் விழித்திரையும் பார்க்கணும். சவ்வில் மங்கல் லேசா இருந்து பார்வை மட்டும் ரொம்பக் குறைஞ்சிருந்தா கோளாறு வேற இடத்தில். சர்க்கரை இருந்தா ஓசிடி (விழித்திரையைப் படம் எடுக்கிற ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்க. வெச்ச லென்ஸே ஒத்துக்கலை, மாத்தணும்னா அதையும் லேசருக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். சவ்வைத் திறந்துட்டா மாத்துறது சிரமம்.

யாக்_1064:
லேசருக்கு முன்னாடி கண் பாப்பா விரிய ஒரு சொட்டு, மரத்துப்போக ஒண்ணு, கண் பிரஷர் ஏறாம இருக்க பிரிமோனிடின் சொட்டு. லேசர் சக்தியை ஷாட்டுக்கு 1 மில்லிஜூல் அளவில் ஆரம்பிச்சு, தழும்பு தடிப்பா இருந்தா மட்டும் கூட்டணும். லேசர் குவியுற இடம் சவ்வுக்குக் கொஞ்சம் பின்னாடி விழணும், முன்னாடி வந்தா லென்ஸில் குழி விழும். நடுவில் 3–4 மி.மீ. திறந்தாப் போதும். சில நிமிஷ வேலை. தையல், கட்டு கிடையாது.

முடிஞ்ச உடனே கிளம்பாதீங்க. 1 மணி நேரம் கழிச்சுக் கண் பிரஷர் பார்க்கணும், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா கட்டாயம். பாப்பா விரிஞ்ச கண்ணுல கூசும், அன்னைக்கு அவங்க வண்டி ஓட்டவே கூடாது. மறுபடி ஒரு தடவை செக்கப்புக்கு இறங்கினா பெரும்பாலும் போதும்.

ஏற்காடு_மிளகுக்கொடி:
ரொம்ப நன்றிங்க. அவங்களுக்கு முன்னாடி மைனஸ் 9 பவர் இருந்துச்சு. அதனால ஏதாவது உண்டா?

அஸ்தம்பட்டி_ஸ்லிட்லேம்ப்:
உண்டுங்க. மைனஸ் பவர் அதிகமா இருந்த கண்ணுல விழித்திரை விலகுற வாய்ப்பு கூட. லேசருக்கு முன்னாடி விழித்திரை ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் சில நாள் கொசு பறக்கிற மாதிரி தெரியும், அது அடங்கிடும். மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளி திடீர்னு குவிஞ்சாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே இறங்கிடுங்க.