தூண்களை நிறம் பிரித்துப் பார்ப்பது

கழுகு நெபுலாவில் வாயுவும் தூசியும் தூண்களாக நிற்கின்றன. அவற்றை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1-ல் எடுத்த படத்தில் பச்சை என்பது ஹைட்ரஜன். சிவப்பு கந்தகம், நீலம் ஆக்சிஜன். கந்தகத்தின் ஒளி 673 நானோமீட்டர் அலைநீளம், ஹைட்ரஜனுடையது 656. கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்புதான். அலைநீள வரிசையை மாற்றாமல் நிறங்களை மட்டும் தள்ளி வைத்தால்தான் இரண்டும் பிரிந்து தெரியும். இதைப் போய் "போலி நிறம்" என்று ஒதுக்குவது அநியாயம். முதலில் பார்க்கவேண்டியது தூணின் விளிம்பை: பக்கத்துக் கொத்து விண்மீன்களின் புற ஊதாக் கதிர் பட்டு வாயு ஆவியாகி, பரப்புக்குச் செங்குத்தாக மெல்லிய இழைகளாகக் கிளம்புகிறது.

*

நீங்களே படம் கட்டிப் பார்க்க, மாஸ்ட் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் ஹப்பிளின் 2014 தரவு இலவசம். ஃபில்டர்கள் எஃப்673என் (கந்தகம்), எஃப்657என் (ஹைட்ரஜன்), எஃப்502என் (ஆக்சிஜன்). பெயர் "டிஆர்சி" என்று முடியும் கோப்பை எடுங்கள். அதில் காஸ்மிக் கதிர்ப் புள்ளிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். ஃபிட்ஸ் லிபரேட்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய்து (மங்கல் விவரம் தெரியும்படி பிரகாசத்தை விரித்து) 16 பிட் டிஃப் படக்கோப்பாகச் சேமியுங்கள். பிறகு மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலமாக அடுக்குங்கள். மூன்றுக்கும் ஒரே அளவு ஸ்ட்ரெட்ச் வைத்தால் படம் முழுக்கப் பாசி பிடித்ததுபோல் ஆகிவிடும், ஹைட்ரஜன் அவ்வளவு வலுவானது. அதை அடக்கினால் விண்மீன்கள் மெஜந்தாவாக மாறும், ஏனென்றால் அவற்றின் பச்சையும் சேர்ந்து குறைகிறது. சிரில் என்ற வானியல் பட மென்பொருளில் படத்தை நெகட்டிவாக்கி, பச்சை இரைச்சலை நீக்கி, மறுபடி திருப்பினால் சரியாகும். எதுவரை முழுக் கறுப்பு என்று வைக்கும் அளவை மட்டும் இறுக்காதீர்கள், தூணின் உள்விவரம் போய்விடும்.

*

வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2022-ல் வெளியான அண்மை அகச்சிவப்புப் படம் வேறு ரகம். அகச்சிவப்பு ஒளி தூசியைப் பாதி ஊடுருவிவிடுவதால் தூண்கள் கண்ணாடிபோலத் தெரியும். தூண்களுக்கு வெளியே தெரியும் சிவப்பு உருண்டைகள் புதிதாகப் பிறந்த விண்மீன்கள். தரவிறக்கிப் பார்ப்பவர்கள் பிரகாசமான விண்மீன்களின் நடுவே கறுப்பு ஓட்டையைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். உணரி நிறைந்துபோய் அங்கே அளவீடே இல்லை, அவ்வளவுதான், கையால் நிரப்பவேண்டும். குறுகிய அலைக்கு ஒரு பிக்சல் வானில் 0.031 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி), நீண்ட அலைக்கு 0.063. அடுக்குவதற்கு முன் ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால் விண்மீன்கள் இரட்டையாகத் தெரியும்.

எந்தத் தொலைநோக்கி என்று சந்தேகம் வந்தால் விண்மீனின் கூர்முனைகளை எண்ணுங்கள்: ஹப்பிளுக்கு நான்கு, வெப்புக்கு ஆறு பெரியவை, குறுக்கே சின்னதாக இரண்டு.

*

1995 படத்தின் மூலை ஏன் படிக்கட்டுபோல வெட்டுப்பட்டிருக்கிறது?

*

அந்தக் கேமராவில் நான்கு உணரிச் சில்லுகள். ஒன்று மட்டும் நுணுக்கமாக, ஆனால் சின்னப் பரப்பைப் பார்க்கும். மற்ற மூன்றின் அளவுக்கு அதைச் சுருக்கி ஒட்டும்போது மிச்ச இடம் காலியாக நிற்கிறது. 2014 படம் வேறு கேமராவில் எடுத்தது, அதனால் அதில் இந்த வெட்டு கிடையாது.