சின் பெங்குக்கு நம் ஊர் மலரில் ‘விடுதலை வீரர்’ பட்டமா?

பள்ளத்தூர் வளவு:
ஊர் வரலாற்று மலருக்கு வந்த கட்டுரைகளைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். மலாயாவுக்குப் போன நம் வட்டாரத்து ஆட்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கிட்டங்கி (வட்டிக்கடைகள் இருந்த கட்டடம்), பெட்டியடி (கைப்பெட்டி வைத்துக் கணக்குப் பார்க்கும் இடம்), பினாங்கு தண்ணீர்மலையான் கோயில் என்று நன்றாகத்தான் போகிறது. நடுவில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங் வருகிறார். அவரை ‘மலாயாவின் விடுதலை வீரர்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

1948 முதல் 1960 வரை மலாயாக் காடுகளில் நடந்த கொரில்லாப் போருக்குத் தலைமை தாங்கியவர் இவர். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளை இவருடைய ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதமே அவசரகாலம் வந்தது. அது முடிவதற்குள் பொதுமக்களில் 2,478 பேர் கொல்லப்பட்டார்கள், 810 பேர் காணாமல் போனார்கள். இது அரசுக் கணக்கு. இவர்கள் எல்லாரும் ராணுவத்தானா? கங்காணி, கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா), கடைக்காரர், பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்கப் போன கூலி ஆட்கள்.

எங்கள் ஐயா பேராக்கில் ஒரு மார்க்காவுக்கு (செட்டியார் வட்டிக்கடைக்கு) ஏஜெண்டாக இருந்தவர். தோட்டத்துக்கு வசூலுக்குப் போகிற நாளில் மோதிரம், கைக்கடிகாரம், காதுக் கடுக்கன் எல்லாவற்றையும் கழற்றி அடுத்தாளிடம் (உதவியாளரிடம்) கொடுத்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்புவாராம். திரும்பி வராவிட்டால் ஊருக்கு என்ன அனுப்ப வேண்டும் என்ற கணக்கு அது. அப்படி ஒரு பயத்தை உண்டாக்கியவருக்கு நம் மலரில் பட்டமா?

கல்லல்காரன்:
கட்டுரை என்னுடையது. அண்ணே, உங்கள் ஐயா பட்ட பயம் உண்மை. எங்கள் தாத்தாவும் அதே பேராக்கில்தான் இருந்தார். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்கு (மர வரிசைக்கு) போக வேண்டும். மழை பெய்தால் கூலி இல்லை. அவர் பேச்சில் சின் பெங் பெயர் வந்தால் அதில் பயமும் இருக்கும், மரியாதையும் இருக்கும். அந்த மரியாதை எதனால் என்று சொல்லத்தான் எழுதினேன்.

சின் பெங் 1924ல் பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர். அப்பா சைக்கிள் கடைக்காரர். பதினைந்து வயதில் கட்சிக்கு வந்தார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது வெள்ளைக்காரத் துரைமார் சிங்கப்பூரை விட்டுக்கொடுத்துவிட்டுச் சரணடைந்தார்கள். காட்டுக்குள் போய்ச் சண்டை போட்டது கட்சி நடத்திய மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படை. பிரிட்டிஷாரின் 136ஆம் படை என்ற ரகசியப் பிரிவு அங்கே வந்து இறங்கியபோது அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் இவர். அதற்காகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசே ஓ.பி.இ. விருது அறிவித்தது. பிறகு அதே அரசு அவர் தலைக்கு இரண்டரை லட்சம் மலாயா டாலர் விலை வைத்தது. இரண்டு அறிவிப்புக்கும் நடுவில் சில வருடங்கள்தான்.

அந்த வருடங்களில் என்ன நடந்தது? தோட்டங்களில் சங்கம் வந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள். மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர். 1948ல் சம்மேளனத்தையே தடை செய்தார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கில் போட்டார்கள். நேரு அரசு கேட்டுக்கொண்டும் விடவில்லை. வாய் திறந்து கூலி கேட்டவனுக்கு இதுதான் கிடைக்கும் என்றால் மற்றவன் காட்டுக்குத்தான் போவான்.

பொதுமக்கள் கணக்குக் கேட்டீர்கள். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த சீனர்கள். இதை யார் மலரில் போடுவது?

பள்ளத்தூர் வளவு:
பத்தாங் காலியை நீங்கள் தாராளமாகப் போடுங்கள் தம்பி. நான் ஒன்றும் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கணபதிக்கு நடந்தது அநியாயம், அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம். ஆனால் கணபதியின் தியாகத்தைக் காட்டிச் சின் பெங்கை உள்ளே கொண்டுவருவது சரியில்லை.

சுங்கை சிப்புட் கொலைகள் மேலிடத்து உத்தரவில்லாமல் உள்ளூர் ஆட்கள் செய்தவை என்று சின் பெங்கே பிற்காலத்தில் சொன்னார். அப்படியானால் ஆட்களைக் கையில் வைத்திருக்கத் தெரியாத தலைவர். இல்லை, தெரிந்துதான் நடந்தது என்றால் கொலைக்குப் பொறுப்பு அவருடையது. இதில் வீரம் எங்கே வருகிறது?

அப்புறம், ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள். மரம் போனால் துரைக்கு நஷ்டம், சரி. அந்த நிரையை நம்பி இருந்தவனுக்கு? அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் பிடித்தது. பஸ்ஸைக் கொளுத்தினார்கள். துரைமார் தோட்டத்துக்குக் காவலுக்குத் துப்பாக்கியோடு சிறப்புப் போலீஸ் இருந்தது. நம்மவர்களின் ஐம்பது, நூறு ஏக்கர் தோட்டத்துக்கு யார் இருந்தார்கள்? ஒரு கிராணியும் ஒரு நாயும்தான்.

கல்லல்காரன்:
மரம் வெட்டுவதையும் அட்டை கிழிப்பதையும் பஸ் கொளுத்துவதையும் நிறுத்தச் சொல்லி 1951 அக்டோபரில் கட்சியே தீர்மானம் போட்டது. மக்களுக்குக் கஷ்டம் தருகிறது என்று அவர்களே கண்டு நிறுத்தினார்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வளவு:
மூன்று வருடம் செய்துவிட்டுத்தானே நிறுத்தினார்கள்?

ஈப்போ மகள்:
நான் ஈப்போவில் பிறந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அண்ணன்மார் இரண்டு பேரும் ஆண்கள் கதையாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களை, ஏறக்குறைய 5 லட்சம் பேரை, கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துத் தமிழர்களையும் லயங்களை ஒன்றாக்கி வேலிக்குள் வைத்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பது திட்டம். காலையில் வேலி வாசலில் வாளி, கூடை, சைக்கிள் குழாய் வரை சோதிப்பார்களாம். பெண்களை வேறு இடத்தில் தனியாக நிறுத்திச் சோதனை. மத்தியானச் சோறு எடுத்துப் போக முடியாது. வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டிவிட்டு வெயில் ஏறிய பிறகு வந்துதான் சாப்பாடு. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அப்போதுதான் அதைச் சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது.

வேலி வருவதற்கு முன்னால் ராத்திரியில் காட்டிலிருந்து வந்து அரிசி கேட்பார்கள். கொடுத்தால் ஜெயில், கொடுக்காவிட்டால் கத்தி. என் தாத்தாவுக்கு எந்தப் பக்கமும் கொள்கை கிடையாது. ஐந்து பிள்ளைகள் இருந்தன.

ஆக, கல்லல் அண்ணன் சொல்கிற மரியாதை எல்லா லயத்திலும் இருந்தது என்று எழுதாதீர்கள். எங்கள் லயத்தில் இல்லை.

செக்காலை வாசகன்:
இத்தனை பேச்சில் சின் பெங் என்ற மனிதரையே காணோம். அவருக்குத் தலைமை எப்படி வந்தது என்று பாருங்கள்.

அவருக்கு முன் கட்சிப் பொதுச் செயலாளர் லாய் தெக். ஜப்பானியருக்கு உளவு சொன்னவர், அதற்கு முன் பிரிட்டிஷாருக்கும் சொன்னவர். 1942 செப்டம்பர் 1 அன்று கட்சியின் பெரிய தலைகள் ஒரு ரகசியக் கூட்டத்துக்குக் கூடினார்கள். விடிகாலையில் ஜப்பானியர் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். இடம் எது தெரியுமா? நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் போகிற பத்துமலைப் பக்கம். கூட்டம் கூட்டிய லாய் தெக் மட்டும் வரவில்லை. இது அம்பலமானதும் 1947ல் கட்சிப் பணத்தோடு ஓடிப்போனார். அந்த நாற்காலியில் உட்காரும்போது சின் பெங்குக்கு வயது 22. மேலே இருந்த மூத்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள், கஜானா காலி, யாரை நம்புவது என்று தெரியாது. அடுத்த வருடமே போர்.

இதைச் சொல்வது அவர் மேல் இரக்கம் வருவதற்காக இல்லை. அவர் தோற்றதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். உச்சத்தில் அவரிடம் 8,000 பேர் போல இருந்தார்கள். அதில் மிகப் பெரும்பான்மை சீனர்கள். மலாய்க்காரர்கள் அதிகம் வரவில்லை. கணபதியும் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனும் செத்தபின் தமிழர்களை இழுக்கவும் ஆளில்லை. ஒரு நாட்டின் விடுதலை என்று சொல்லிவிட்டு அந்த நாட்டின் பெரும்பான்மை மக்கள் பக்கத்தில் நிற்காத போர் அது. அதனால் ‘மலாயாவின் விடுதலை வீரர்’ என்பது எனக்கும் ஒட்டவில்லை.

பள்ளத்தூர் அண்ணனுக்கும் ஒன்று. நம் வட்டாரத்துச் சொத்து அழிந்ததற்குச் சின் பெங்கைக் காரணம் காட்டுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. நம்மவர்களுக்கு விழுந்த பெரிய அடி பர்மா. 1930களின் கடைசியில் கீழ் பர்மா நெல் வயல்களில் கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே வந்தார்கள். 1948ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. அங்கே ஒரு கொரில்லாவும் நம் பேரேட்டைக் கொளுத்தவில்லை, சட்டம் போட்டு எடுத்தார்கள். மலாயாவில் 1950-51ல் கொரியப் போரால் ரப்பர் விலை ஏறியபோது எங்கள் பங்காளி வீட்டில் தோட்டத்தை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு வந்து ஊரில் வீடு செப்பனிட்டார்கள். அந்தப் பணத்தில் போட்ட தளம் இன்றைக்கும் இருக்கிறது.

கல்லல்காரன்:
பெரும்பான்மை வரவில்லை என்பது சரி. ஆனால் அந்தப் போர் இல்லாமல் மலாயாவின் விடுதலை நாளான 1957 ஆகஸ்ட் 31 வந்திருக்குமா என்று கேளுங்கள்.

1955 டிசம்பர் 28, 29. கெடா மாநிலம் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு பக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான், மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். எதிரில் காட்டிலிருந்து இறங்கி வந்த சின் பெங். அவரைக் காட்டோரத்தில் எதிர்கொண்டு கூட்டி வந்தவர் ஜான் டேவிஸ், ஜப்பான் காலத்தில் அவரோடு காட்டில் இருந்த 136ஆம் படை அதிகாரி. பழைய கூட்டாளியே எதிரியாக வந்து அழைத்துப் போகிறார்.

சரணடையுங்கள் என்றார் துங்கு. முடியாது என்றார் சின் பெங். ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் துங்குவின் கைக்கு வந்தால் ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் துங்கு லண்டனுக்குப் போனபோது அந்த வாக்கும் அவர் பையில் இருந்தது. விடுதலைக்குத் தேதியோடு திரும்பினார். மலாயாவுக்கு விடுதலை வாங்கியவர் துங்குதான், மறுக்கவில்லை. விலையை இறக்கியது யார்? காட்டில் இருந்தவர்கள்.

பள்ளத்தூர் வளவு:
இதற்குத்தான் காத்திருந்தேன். 1957ல் நாடு விடுதலை ஆகிவிட்டது. பாதுகாப்பு துங்குவின் கைக்கு வந்தது. வாக்குப்படி ஆயுதம் கீழே வந்ததா? அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை போனது. பிறகு சயாம் (தாய்லாந்து) எல்லைக்குப் போனார்கள். சின் பெங் 1961ல் பீக்கிங் போனார். 1968ல் மறுபடி சண்டையை ஆரம்பித்தார்கள். தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1989 டிசம்பர் 2. வெள்ளைக்காரன் போய் முப்பத்திரண்டு வருடம்! அத்தனை வருடமும் செத்த போலீஸ்காரன், சிப்பாய் எல்லாம் அந்த நாட்டுப் பிள்ளைகள். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை?

கல்லல்காரன்:
1957ல் கொடி மாறியது. அதோடு பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் வந்தது, காமன்வெல்த் படைகள் அங்கேயே இருந்தன. பெரிய ரப்பர் தோட்டங்களும் ஈயமும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிடம்தான். கட்சியைச் சட்டப்படி இயங்க விடவும் மறுத்தார்கள். தேர்தலில் நிற்க வழியில்லாதவனை ஏன் துப்பாக்கியைப் போடவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

1968க்குப் பிந்திய சண்டைக்கு நான் பரிந்து பேசவில்லை. என் கட்டுரை 1960ல் நிற்கிறது.

ஹாட்யாய் ஒப்பந்தத்தைச் சொன்னீர்களே, அதன் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். சித்தியவானுக்குத் திரும்பி, அப்பா அம்மா சமாதியைப் பார்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றது நீதிமன்றம். 2009ல் கடைசிக் கதவும் மூடியது. 2013 செப்டம்பர் 16 அன்று பாங்காக்கில் இறந்தார். அஸ்தியைக் கூட 2019ல் ரகசியமாகத்தான் கொண்டுபோய் லூமூட் கடலிலும் ஈப்போ பக்கத்து மலையிலும் கரைத்தார்கள்.

ஈப்போ மகள்:
அஸ்தி வந்த செய்தி வெளியானபோது நான் ஈப்போவில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், மலாய்க்காரர். அவருடைய அண்ணன் அந்தக் காட்டுச் சண்டையில் உயிர் விட்டவர். மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. வயதானவரை ஊருக்கு விட்டிருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த மனிதரிடம் போய் ‘வீரர்’ என்று என்னால் சொல்ல முடியாது.

மலரில் கணபதி படத்தைப் பெரிதாகப் போடுங்கள். லயத்துப் பெண்கள் பட்டதை எழுத இரண்டு பக்கம் ஒதுக்கினால் அம்மாவிடம் கேட்டு நான் எழுதித் தருகிறேன்.

பள்ளத்தூர் வளவு:
ஆச்சி சொன்ன இரண்டு பக்கத்துக்கு ஆகிற செலவை நான் தருகிறேன். கல்லல் தம்பி, ‘மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் சின் பெங்’ என்று மட்டும் போடுங்கள். 2,478 என்ற எண் அதே பக்கத்தில் வர வேண்டும்.

கல்லல்காரன்:
எண்ணைப் போடுகிறேன் அண்ணே. கூடவே பத்தாங் காலியின் 24 பேரும், காட்டில் செத்த 6,710 கொரில்லாக்களும் அதே பக்கத்தில் வருவார்கள். ‘விடுதலை வீரர்’ என்பதை மட்டும் எடுக்க மாட்டேன். ஆசிரியர் குழு எடுத்தே ஆக வேண்டும் என்றால் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் வருகிறேன், நீங்களும் வாருங்கள்.