மறு: சோயா நூற்புழுச் சோதனை – ‘ஃபீமேல் இண்டெக்ஸ்’ தமிழில் எப்படி?

> சிஸ்ட் நெமட்டோடுக்கு ‘நீர்க்கட்டி நூற்புழு’, ஃபீமேல் இண்டெக்ஸுக்குப் ‘பெண் குறியீடு’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா.

நீர்க்கட்டி வேண்டாமே. அது மருத்துவத்தில் ஊறிய சொல். படிப்பவர் வேரில் கட்டி வருகிறது என்றுதான் நினைப்பார். வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைப்பது வேர்முடிச்சு நூற்புழு, அது வேறு இனம். சோயா வேரைத் தாக்கும் இந்தச் சிஸ்ட் நெமட்டோடில் பெண்புழு தலையை வேருக்குள் புதைத்துக்கொள்ள, பருத்த உடல் எலுமிச்சை வடிவில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள். செத்ததும் தோல் பழுப்பேறித் தடித்து, உள்ளே இருக்கும் முட்டைகளை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காக்கும். தாயின் உடலே கூடு. ஆகவே ‘முட்டைக்கூடு நூற்புழு’ நன்றாகவே பொருந்துகிறது. சுருக்குகிறேன் என்று ‘கூட்டு நூற்புழு’ ஆக்கிவிடாதீர்கள், பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு வந்து நிற்கும்.

‘பெண் குறியீடு’ ஏதோ மகளிர் முன்னேற்ற அறிக்கையில் வருவது போல இருக்கிறது :-) ‘பெண்புழு விழுக்காடு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் ஆகாது, நூறு புழுவில் எத்தனை பெண் என்ற பொருள் வந்துவிடும். சோதனையில் நடப்பதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். புழு முட்டைகள் சேர்த்த மண்ணில் நாற்றுகளை 27–28 டிகிரி செல்சியஸில் சுமார் 30 நாள் வளர்க்கிறார்கள். பிறகு வேரைச் சல்லடை மேல் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் பெண்புழுக்கள் கழன்று விழும். மேல் சல்லடையில் வேர்த்துணுக்கு தங்கும், கீழே உள்ள நுண்சல்லடையில் புழு தங்கும். அதை உருப்பெருக்கியில் எண்ணுவார்கள். எளிதில் புழு பிடிக்கும் ஒரு ரகத்தையும், பெரும்பாலும் ‘லீ 74’, கூடவே வளர்த்து எண்ணுவார்கள். அதில் சராசரி 240, சோதிக்கும் ரகத்தில் 12 என்றால், 240-ஐ நூறாக வைத்துப் பார்க்க மதிப்பு 5. ஆக இது ஓர் ஒப்பீடு. ‘பெண்புழு ஒப்பீட்டெண்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளம்தான், ஆனால் தவறாகப் புரிய வழியில்லை.

1992-இல் ஷ்மிட், ஷானன் என்ற ஆய்வாளர்கள் தந்த பிரிவின்படி, இந்த எண் 10-க்குக் கீழே இருந்தால் எதிர்ப்பு ரகம், 10–30 மிதமான எதிர்ப்பு, 31–60 மிதமாகப் பாதிக்கப்படுவது, அதற்கு மேலே எளிதில் பாதிக்கப்படுவது.

> ரெசிஸ்டன்ஸ், டாலரன்ஸ் இரண்டுக்குமே ‘தாங்குதிறன்’ போதாதா?

போதாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிர்ப்பு ரகத்தின் வேருக்குள்ளும் புழு நுழையத்தான் செய்கிறது. அது உணவுக்காக உருவாக்கும் செல் தொகுதி சிதைந்துபோவதால் முதிர முடியாமல் சாகிறது. தாங்கும் ரகத்தில் புழு நன்றாகத் தின்று பெருகும், செடியும் ஓரளவு விளைச்சல் தந்துவிடும். விளைச்சலைப் பார்த்து உழவர் மகிழ்ந்திருக்க, அடுத்த பருவத்துக்கு நிலம் முழுக்க முட்டை. மேலே சொன்ன சோதனை அளப்பது புழுவின் பெருக்கத்தை, விளைச்சலை அல்ல. அதனால் முதலாவது ‘எதிர்ப்புத்திறன்’, இரண்டாவது மட்டும் ‘தாங்குதிறன்’.

அப்புறம் ஒன்று. வெறுமனே ‘எதிர்ப்பு ரகம்’ என்று எழுதினால் அரைச் செய்திதான். அமெரிக்காவில் மிகப் பெரும்பாலான எதிர்ப்பு ரகங்கள் பி.ஐ. 88788 என்ற ஒரே சோயா மூலவகையிலிருந்து எதிர்ப்பைப் பெற்றவை. அதையே திரும்பத் திரும்ப விதைத்ததில், அதன் வேரிலும் பெருகக்கூடிய புழுக்கூட்டங்கள் பல இடங்களில் வந்துவிட்டன. எந்தப் புழுக்கூட்டத்தை வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.

மேலே ‘செல் தொகுதி’ என்று ஒப்பேற்றியது சின்சிடியத்தை. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சுவர் கரைந்து ஒன்றாகிப்போன அமைப்பு. ‘இணைசெல்’ எனலாமா? தாவரவியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.